முந்நூறு முக்கோணமும் ஒரு பொன்னாடையும்

நான் வாயைத் திறந்து கெட்ட சந்தர்ப்பங்களைத் தொகுத்தால், பாதிக்கு மேல் கையில் தேநீர்க் கோப்பையோடு நடந்தவையாக இருக்கும். தேநீர் குடிக்கும் மனிதன் தன்னை அறியாமலே தாராளமாகிவிடுகிறான். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு விஞ்ஞானப் பேச்சை ஒழுங்குசெய்யக் கூடிய கூட்டத்திலும் அதுதான் நடந்தது. நான் மூன்றாவது தடவை உறிஞ்சிய நேரத்தில் தலைவர் கேட்டார்.

"தம்பி, அப்ப உந்தப் பேச்சுக்குச் சிலைட் எல்லாம் என்னத்திலை காட்டப்போறியள்? லப்டொப்பிலையோ?"

தலைவருக்கு எழுபது வயது. எனக்கு ஐம்பத்திரண்டு. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் தலைமயிர் கொட்டிப்போனாலும் தம்பி தம்பிதான்.

"லப்டொப் என்னத்துக்கு ஐயா? எங்கடை கார்ட்டாலையே காட்டுவம்" என்றேன்.

பக்கத்தில் இருந்த மிஸ் தன் கோப்பையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார். அவர் கோப்பையை அப்படி வைத்தால் யாரோ ஒருவர் பிழை விட்டிருக்கிறார் என்று பொருள். அந்த மேசையில் அவரையும் என்னையும் தலைவரையும் தவிர வேறு யாரும் இல்லை.

மிஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படிப்பிப்பவர். மெதடிஸ்த குடும்பம், மிஷன் பள்ளிக்கூட வளர்ப்பு. பத்து மணிக்கு என்றால் ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வந்து, எங்களில் யார் பத்தேகாலுக்கு வருகிறோம் என்று பார்த்துக்கொண்டிருப்பார். கோபம் வந்தால் அவருடைய குரல் இன்னும் தாழும். மிகவும் கோபம் வந்தால் கேட்கவே கேட்காது. எனக்கு நல்லூரில், இரண்டு ரியூசன் நிலையங்களுக்கு நடுவில், கணினி திருத்தும் கடை இருக்கிறது. பழுதான கணினிகளிலிருந்து உதிரிப் பாகங்கள் எடுக்க மிஸ் அங்கே வருவார். அப்படித்தான் பழக்கம். அவர் ஒரு கிராபிக்ஸ் கார்ட் செய்துகொண்டிருப்பதாகச் சொன்னபோது நான் அதைப் பகிடி என்று நினைத்தேன். மிஸ் பகிடி விடுவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கிராபிக்ஸ் கார்ட் என்பது கணினித் திரையில் படத்தை வரைகிற பகுதி. கடையில் வாங்கலாம், பொருத்தலாம், படம் வரும். எப்படி வருகிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. எங்கள் சொந்தத்துக்குள் ஒருவர் இருக்கிறார், மீனும் நண்டும் போட்டுக் கூழ் காய்ச்சினால் ஊரே வரும். செய்முறை கேட்டால் மறுக்கமாட்டார். எழுதியே தருவார், ஒரேயொரு சாமானை மட்டும் விட்டுவிட்டு. நீங்கள் வீட்டில் காய்ச்சுவீர்கள். அது கூழாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கூழாக இருக்காது. கடைக் கார்ட்டுகளும் அந்தச் சொந்தக்காரரும் ஒரே இனம். மிஸ்ஸினுடையது மற்ற இனம். சில்லுக்குள் எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்தக் கணக்கை எந்த மூலையில் போடுகிறது என்று முழு வரைபடத்தையும் யாரும் எடுத்துப் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருந்தார். யாரும் பார்க்கலாம், திருத்தலாம், தாங்களும் ஒன்று செய்யலாம். இதைத்தான் திறந்த வன்பொருள் என்கிறார்கள். மிஸ் நாலு வருடமாகப் பாடம் முடிந்த பின்னேரங்களில் இருந்து வரைந்தது அது. சில சில்லுகளைப் பற்றவைத்ததும், நடுவில் ஒன்றைக் கருக்கியதும் என் பங்களிப்பு.

இந்தக் கார்ட்டைத் தன் மாணவர்களுக்கு ஆய்வுகூடத்தில் வைத்துப் படிப்பிக்க வேண்டும் என்பது மிஸ்ஸின் விருப்பம். மாணவர்கள் அதைப் பிரித்து, உள்ளே ஒரு கோட்டை மாற்றி, திரையில் என்ன நடக்கிறது என்று தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். மூன்று தடவை எழுதிக் கேட்டிருந்தார். கல்லூரி அதிபர் கடைசியாக வாயால் பதில் சொன்னார். "மிஸ், சனசமூக நிலையத்திலை பேசப்போறியளாமே. நானும் வாறன். சபைக்கு முன்னாலை அது ஒழுங்கா வேலை செய்தால் ஆய்வுகூடம். செய்யாட்டில் அலுமாரி."

அந்த அலுமாரியை நான் பார்த்திருக்கிறேன். வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு ஆசிரியர்களின் உற்சாகங்கள் அதற்குள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. உள்ளே போன எதுவும் திரும்பி வந்ததாக வரலாறு இல்லை.

ஆகவே எதுவும் பிசகாமல் லப்டொப்பில் நாலு சிலைட்டைக் காட்டி, கடைசியில் ஐந்து நிமிடம் மட்டும் கார்ட்டை ஓடவிட்டுக் காட்டுவது என்று மிஸ் கவனமாகத் திட்டம் போட்டிருந்தார். நான் ஒரு தேநீரில் அதை முழுப் பேச்சுக்கும் நீட்டிவிட்டேன்.

"சொன்னது சொன்னதுதானே அண்ணை" என்றார் மிஸ், வெளியில் வந்த பிறகு. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "படம் எல்லாம் நீங்களே கீறித் தாங்கோ."

*

என் கடைப் பெயர்ப்பலகையை நானே எழுதியவன் என்பதால் எனக்குச் சித்திரம் வரும் என்று ஒரு அபிப்பிராயம் ஊரில் உண்டு. நானும் அதை மறுத்ததில்லை. ஆனால் மிஸ்ஸின் கார்ட்டுக்குச் சித்திரம் தெரியாது. அதற்கு முக்கோணம் மட்டும்தான் தெரியும். மூன்று மூலைகளைச் சொன்னால் நடுவில் நிறத்தை நிரப்பும். வட்டம் வேண்டுமென்றால் பல முக்கோணங்களைச் சேர்த்து வட்டம் என்று நம்பவைக்க வேண்டும். பெரிய கார்ட்டுகளும் அடிப்படையில் இதையேதான் செய்கின்றனவாம். அவை கோடிக்கணக்கில் செய்வதால் நாம் ஏமாறுகிறோம். எங்கள் கார்ட்டின் ஞாபகத்துக்குள் ஒரு படத்துக்கு முந்நூறு முக்கோணம்தான் அடங்கும்.

முதலில் தலைப்பை எழுத உட்கார்ந்தேன். 'திறந்த வரைகலை வன்பொருள்.' அப்போதுதான் ஒரு எழுத்தும் இலவசமில்லை என்று தெரிந்தது. சுழியும் வளைவும் உள்ள எழுத்துகள் முக்கோணங்களைச் சோறுபோல் தின்றன. சோதனைக்குக் கீறிப் பார்த்த ண ஒன்றுக்கே நாற்பதுக்குக் கிட்டப் போனது. தலைப்பின் கடைசிச் சொல்லுக்கு வருமுன்னரே முந்நூறும் முடிந்துவிட்டது. மாறாக, ட மிகவும் அடக்கமான எழுத்து. நேராக ஒரு கோடு, கிடையாக ஒரு கோடு, நாலு முக்கோணம், காரியம் முடிந்தது. ப வுக்கு ஆறு. அரை நூற்றாண்டாகத் தமிழ் வாசிக்கிற எனக்கு, எழுத்துகளில் சிக்கனக்காரரும் ஊதாரிகளும் இருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு பேப்பர் படிக்கும்போதும் தலைப்புகளை முக்கோணமாகத்தான் எண்ணினேன். யோசித்து யோசித்து, ஆகக் குறைந்த செலவில் ஒரு தலைப்புப் பிடித்தேன்: 'படம் பட்ட பாடு'.

தலைவர் அழைப்பிதழுக்காக அதைக் கேட்டுவிட்டுப் பேனையை மூடிவைத்தார்.

"தம்பி, இது ஒரு விஞ்ஞானக் கூட்டம்."

"ஓம் ஐயா."

"இது நாடகத்துக்கு வைக்கிற பேர் மாதிரிக் கிடக்கு."

"விஞ்ஞானப் பேரைப் போட்டால் படம் போட இடமிராது ஐயா."

அழைப்பிதழில் அவர் 'திறந்த வரைகலை வன்பொருள்: ஓர் அறிமுகம்' என்றே அச்சடித்தார். காகிதத்தில் அடிப்பவருக்கு என்ன கவலை.

அடுத்தது முகப்புப் படம். நான் நல்லூர்க் கோபுரத்தைப் போடலாம் என்றேன். மிஸ் ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார்.

"முதல் தட்டோடை முடிஞ்சிடும் அண்ணை. மிச்சக் கோபுரத்தை ஆர் கட்டுறது?"

"அப்ப என்ன போடுறது?"

"வள்ளம் போடுங்கோ. வள்ளம் எண்டால் முன்னாலை ஒரு கூர், பக்கத்திலை நீட்டு, அவ்வளவுதான். எங்கடை ஊர்த் துறைமுகத்திலை போய்ப் பாருங்கோ."

மிஸ்ஸின் ஊர் மயிலிட்டி. ஒரு சனிக்கிழமை காலை மோட்டார்சைக்கிளில் அங்கே போனேன். துறைமுகத்தில் படகுகள் நெருக்கிக் கட்டியிருந்தன. நீலம், சிவப்பு, மஞ்சள். கார்ட்டுக்கு நிறங்கள் பதினாறுதான் தெரியும். மயிலிட்டிப் படகுக்காரருக்கு அதைவிட இரண்டு மூன்று கூடத் தெரிந்திருந்தது. கொப்பியைத் திறந்து ஒரு நீலப் படகைக் கோடுகோடாகப் பிரித்துக் கீறினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன அண்ணை, போட் வாங்கிற யோசினையோ?"

"இல்லை, சும்மா முக்கோணம் எண்ணுறன்."

அவர் வலையைக் கீழே வைத்தார். "என்னத்தை?"

"இந்தப் போட்டிலை எத்தினை முக்கோணம் இருக்கெண்டு."

அவர் தன் படகைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை அதில் முக்கோணம் இருப்பதாக அவருக்கு யாரும் சொல்லவில்லை. "எத்தினை இருக்கு?"

"அறுபத்தெட்டு."

"பக்கத்திலை நிக்கிறதிலை?"

"எண்ணேல்லை."

"எண்ணிப் பாருங்கோ. உவன்ரை போட்டிலை குறையத்தான் இருக்கும்."

எண்ணினேன். எழுபத்தொன்று. சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

கூழ் உவமைக்கும் ஒரு படம் வேண்டும் என்று ஒரு பானை வரைந்தேன். வளைவான பொருள், சிக்கனமான முக்கோணம். முடித்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கையில் அகப்பையோடு வந்து நின்று பார்த்தார்.

"தண்ணித் தாங்கியோ?"

"கூழ்ப் பானை."

"கூழெண்டால் ஆவி பறக்கவேணும்."

ஆவியும் வளைவுதான். மிச்சம் இருந்த மூன்று முக்கோணங்களைப் பானைக்கு மேலே நிறுத்தினேன். மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இப்ப சுறா நீந்துற மாதிரிக் கிடக்கு. சுறாப் போட்ட கூழெண்டு சொல்லிப்போடுங்கோ, பிழை தெரியாது."

இப்படியாக இருபத்தாறு படங்கள். இடைக்கிடை பேப்பருக்கு எழுதிய எதற்கும் நான் இவ்வளவு பாடுபட்டதில்லை. அது வாசித்தவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

*

மிஸ் வீட்டு மேசையில் ஐந்து நாள் ஒத்திகை பார்த்தோம். கார்ட்டை ஒரு பழைய பிஸ்கட் தகரப் பேணிக்குள் பொருத்தி, வயர் போக ஓட்டை போட்டு மூடிவிட்டோம். பேணி என் யோசனை. பிரமுகர்கள் பார்க்க வருகிறபோது வயரும் சில்லும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தால் வடிவில்லை என்றேன். இருபத்தாறு படமும் ஒன்றின் பின் ஒன்றாகப் பிசகில்லாமல் வந்தன. மிஸ் முகத்தில் ஒரு சிரிப்பு மாதிரி எட்டிப் பார்த்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் அனுமதி இல்லைப்போலும்.

வைகாசி மாத ஞாயிறு. காலை பத்து மணி. மண்டபத்து வாசலில் நிறைகுடம், உள்ளே கதிரைகள் நிறைய ஆட்கள். முன்வரிசையில் அதிபர் வந்து உட்கார்ந்துவிட்டார். மேடையில் ஒரு பக்கம் ஆளுயரக் குத்துவிளக்கு, மறு பக்கம் மேசையில் எங்கள் பேணி. சபை வந்து அமரும்போதே திரையில் 'வணக்கம்' என்று இருந்தால் மரியாதையாக இருக்கும் என்று நான் சொன்னதால், ஒன்பதரைக்கே கார்ட்டை ஓடவிட்டிருந்தோம். ண வுக்கு நாற்பது முக்கோணம் போனாலும் வரவேற்பில் கஞ்சத்தனம் கூடாது.

முதலில் மங்கல விளக்கேற்றல். எங்கள் ஊரில் எந்தக் கூட்டமும் விளக்கேற்றித்தான் தொடங்கும். தலைவர் கையைக் காட்டினார், மண்டபத்து மின்விசிறிகள் எல்லாம் நிறுத்தப்பட்டன. அதிபர் ஒரு திரி, தலைவர் ஒரு திரி, மிஸ் ஒரு திரி, கடைசித் திரி எனக்கு. சுடர் நிமிர்ந்து நின்றது. பிறகு வரவேற்புரை. பிறகு தலைமையுரை. நிகழ்ச்சிநிரலில் இன்னும் ஒரு ஆசியுரையும் ஒரு வாழ்த்துரையும் இருந்தன. சபை முழுவதும் அந்த நிகழ்ச்சிநிரலாலேயே முகத்துக்கு விசுக்கத் தொடங்கியது.

தலைமையுரையின் முடிவில் கௌரவிப்பு. அதிபருக்கு ஒரு பொன்னாடை, மிஸ்ஸுக்கு ஒரு பொன்னாடை. கொழும்பிலிருந்து வரவேண்டிய ஒருவர் வராததால் தலைவரின் கையில் ஒன்று மிஞ்சிவிட்டது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பேணியைப் பார்த்தார்.

"சபையோரே, இந்தக் கார்ட்டும் எங்கடை மண்ணிலை பிறந்த பிள்ளைதான்" என்று சொல்லி, பொன்னாடையை விரித்துப் பேணிக்கு இரண்டு சுற்றாகப் போர்த்தினார்.

சபை கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆக உரத்துக் கைதட்டியவன் நான்தான். என்னை விட்டுவிட்டு ஒரு பேணிக்குப் போர்த்தினார்களே என்ற வருத்தம்கூட அப்போது வரவில்லை.

ஆசியுரை நடந்துகொண்டிருந்தபோது திரையில் ண வின் ஒரு கால் மெல்ல நீண்டது. சுழியிலிருந்து புறப்பட்டுத் திரையின் கீழ் மூலை வரை போய்த் திரும்பி வந்தது. பிறகு வ. பிறகு க. எழுத்துகள் ஒவ்வொன்றாகக் குனிந்து நிமிரத் தொடங்கின.

எனக்குப் பின்னால் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "பாரும், எழுத்துக் கும்பிடுது. நல்ல வடிவாச் செய்திருக்கினம்."

மிஸ் என் காதருகே குனிந்தார். குரல் கிட்டத்தட்ட இல்லை.

"அண்ணை, உதுக்கு என்ன செய்தனீங்கள்?"

"நான் ஒண்டும் தொடேல்லை."

"மூலை அப்பிடி ஓடுறதெண்டால் சில்லுச் சுட்டுப்போச்சு. கணக்கு முடிய முதல் கீறத் தொடங்குது. வீட்டிலை ஒருநாளும் இப்பிடிச் சுடேல்லையே."

இருவரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தோம். மின்விசிறிகள் அசையாமல் நின்றன.

அப்போதுதான் விளங்கியது. மிஸ் வீட்டு மேசைக்கு மேலே ஒரு மின்விசிறி எந்நேரமும் சுழன்றுகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்து வெயிலில் அதைப் போடாமல் யார் உட்காருவார்கள்? மின்வெட்டு வந்தால் விசிறி நிற்கும், கார்ட்டும் நிற்கும். மின்சாரம் வந்தால் இரண்டும் சேர்ந்து ஓடும். நாலு வருடமாக இரண்டும் ஒன்றாக உழைத்து ஒன்றாக ஓய்வெடுத்து வந்தன. கார்ட்டில் மின்சாரம் ஓட, மேலே விசிறி நிற்கிற ஒரு நிலைமை வலிகாமத்தில் ஒரேயொரு இடத்தில்தான் ஏற்படும்: குத்துவிளக்கு எரியும் மண்டபத்தில். அதை மட்டும் நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை. போதாததற்குப் பேணிக்குள் போட்டு மூடினேன். அரை மணி நேரம் முன்கூட்டியே ஓடவிட்டேன். அதற்கு மேல் பொன்னாடை.

குனிந்தபடியே தலைவரிடம் போனேன்.

"ஐயா, ஃபானை ஒருக்காப் போடலாமோ?"

"விளக்கு நூந்திடும் தம்பி."

"ஒரு அஞ்சு நிமிசம் மட்டும்."

"போன கூட்டத்திலை நூந்தது. பிறகு நடந்தது தெரியும்தானே?"

எனக்குத் தெரியாது. "என்ன நடந்தது?"

"கிணத்து மோட்டர் எரிஞ்சது."

நான் பேணியைக் காட்டினேன். "அப்ப அந்தப் பொன்னாடையையெண்டாலும் எடுக்கட்டோ?"

தலைவர் என்னை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "போர்த்தினதை எடுக்கிறதோ? போர்த்தின ஆள் இருக்கவோ?"

திரும்பி வந்தேன். முன்வரிசையில் அதிபர் நிகழ்ச்சிநிரலால் விசுக்கிக்கொண்டு, கும்பிடும் எழுத்துகளைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்தவருக்கு வடிவாகத் தெரிந்தது அவருக்கு அப்படித் தெரியவில்லை. அந்த முகத்தில் எனக்கு அலுமாரிக் கதவு தெரிந்தது.

"நிப்பாட்டி, லப்டொப்பை எடுப்பமோ?" என்று மிஸ்ஸிடம் கேட்டேன். மிகவும் நியாயமான யோசனை. அது மூன்று வாரம் பிந்தி வந்திருந்தது.

"லப்டொப்பிலை காட்டினால் அலுமாரிதான் அண்ணை" என்றார் மிஸ்.

வாழ்த்துரை முடிந்தது. மிஸ்ஸின் பெயர் அழைக்கப்பட்டது. அவர் மேடைக்குப் போனார், ஒலிவாங்கியைத் தொடவில்லை. நேரே மேசைக்குப் போய்ப் பேணியிலிருந்து பொன்னாடையை எடுத்தார். சபை ஒருமுறை அசைந்தது. தலைவர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். மிஸ் பொன்னாடையை உதறி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு தலைவரிடமே வந்தார்.

"எல்லாருக்கும் போர்த்திப்போட்டு ஐயா தான் வெறுந்தோளோடை இருக்கிறார்" என்று சொல்லித் தலைவரின் தோளில் போர்த்தினார்.

மண்டபம் அதிரக் கைதட்டல். தலைவர் எழுந்து கும்பிட்டார். இனி அவரும் அதைக் கழற்ற முடியாது. மிஸ்ஸை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். இப்படி ஒரு அரசியல் ஞானம் அவரிடம் இருந்ததை நான் கண்டதில்லை.

பிறகு பேணியின் மூடியைத் திறந்து, கார்ட்டைச் சபை பார்க்கச் சரித்து வைத்தார். வயரும் சில்லும் வெளியே தொங்கின. யாரும் வடிவில்லை என்று சொல்லவில்லை.

"சேர்" என்றார் அதிபரைப் பார்த்து. "கொஞ்சம் இஞ்சை வருவீங்களோ? உங்கடை கையிலை இருக்கிறதாலை இந்தச் சில்லுக்குக் கொஞ்சம் விசுக்கவேணும்."

அதிபர் தன் கையில் இருந்த நிகழ்ச்சிநிரலைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். சபை அவரைப் பார்த்தது. எழுந்து வந்து மேசையருகே நின்று விசுக்கத் தொடங்கினார். இரண்டு நிமிடத்தில் எழுத்துகள் கும்பிடுவதை நிறுத்திவிட்டு நேராக நின்றன.

மிஸ் பேசினார். தாழ்ந்த குரல்தான், ஆனால் மண்டபம் குண்டூசி விழுந்தால் கேட்கும்படி இருந்தது. கார்ட் எப்படி முக்கோணம் போடுகிறது என்று விளக்கினார். நீலப் படகு திரையில் வந்தது. அதிபர் விசுக்குவதை மறந்து திரும்பிப் பார்த்தார்.

"இது மயிலிட்டியோ?"

படகின் முன்கூரான அணியம் நீண்டு மண்டபத்துக் கூரையை நோக்கிக் கிளம்பியது.

"சேர், விசுக்குங்கோ" என்றது நடுவரிசையிலிருந்து ஒரு குரல்.

அதிபர் அவசரமாக விசுக்கினார். அணியம் இறங்கிக் கடலுக்கு வந்தது. சபை சிரித்தது. அதிபரும் சிரித்தார். பிறகு வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தார். படகு கிளம்பியது. விசுக்கினார், இறங்கியது. இன்னொரு தடவை. மனிதர் ஒரு காலத்தில் கையால் வேலை செய்த மின்பொறியியலாளர். கடிதங்களில் கையெழுத்துப் போடுவதற்கு முந்திய காலம்.

"ஏன் மிஸ் எப்பவும் அந்த மூலை மட்டும் ஓடுது? மற்றதுகள் நிக்குதே?"

"நல்ல கேள்வி சேர்." மிஸ் உள்வரைபடத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார். நான் பத்தொன்பது மணித்தியாலம் கீறிய படம் அது. "இந்த வழி மற்றதுகளைவிட நீளம். சூடு ஏற ஏற இதாலை வாற விடைதான் பிந்தும். இந்த இடத்திலை விடை ஒருக்காத் தங்கிப் போக ஒரு தங்குமடம் மாதிரி வைச்சால் சரியாகும். இதைச் செய்யிறதை என்ரை பிள்ளையளுக்கு விடலாம் எண்டு நினைக்கிறன்." கொஞ்சம் நிறுத்தினார். "கடையிலை வாங்கின கார்ட் எண்டால் எனக்கு இதைச் சொல்லேலாது. அண்ணையின்ரை கடைக்குக் கொண்டுபோங்கோ எண்டுதான் சொல்லியிருப்பன். அவருக்கும் தெரிஞ்சிராது."

சபை திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. மிஸ் பகிடி விடமாட்டார் என்று மேலே எழுதியிருக்கிறேன். திருத்தி வாசிக்கவும்.

அதன்பின் பேச்சு நான் வரைந்த ஒழுங்கில் போகவில்லை. ஆட்கள் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார்கள். கேள்விக்கு மேல் கேள்வி. என் இருபத்தாறு படங்களில் ஏழுதான் திரைக்கு வந்தன. கூழ்ப்பானை அந்த ஏழில் ஒன்று. அது வந்த நேரம் அதிபர் கை மாற்றிக்கொண்டிருந்தார். பானைக்கு மேலே நின்ற மூன்று முக்கோணங்களும் நெளிந்து நெளிந்து மேலே எழும்பின.

மகளிர் வரிசையில் என் மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"இப்பதான் கூழ்."

நன்றியுரை முடியும்போது அதிபரின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பொன்னாடைக்குள் தலைவர் அதைவிட நனைந்திருந்தார். விளக்கின் சுடர் மட்டும் அசையாமல் நின்றது. அதிபர் மடங்கிப்போன நிகழ்ச்சிநிரலை மேசையில் வைத்துவிட்டுக் கையை உதறினார்.

மிஸ் நேராக நின்றார். "சேர், ஒழுங்கா வேலை செய்யவேணும் எண்டு சொன்னனீங்கள். ஒழுங்கா வேலை செய்தது எண்டு நான் சொல்லமாட்டன்."

"நானும் சொல்லேல்லை" என்றார் அதிபர். "ஆனா மிஸ், முக்கால் மணித்தியாலம் நிண்டு விசுக்கியிருக்கிறன். இதைக் கொண்டுபோய் அலுமாரியிலை வைச்சால் என்ரை கை நொந்தது வீண்." பேணிக்குள் இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். "ஆய்வுகூடத்திலை வையுங்கோ. ஃபானுக்கு நேர் கீழை. அந்த நீளமான வழியைப் பிள்ளையள் திருத்தேக்கை எனக்கும் சொல்லுங்கோ, வந்து பார்க்கோணும்."

"ஓம் சேர்" என்றார் மிஸ். இந்த முறை முழுச் சிரிப்பு. மிஷன் பள்ளிக்கூடம் என்ன சொல்லியிருக்குமோ தெரியாது.

தலைவர் என் தோளைத் தட்டினார். "பார்த்தீரோ தம்பி, விளக்கு நூராமல் இருந்ததாலைதான் எல்லாம் நல்லா முடிஞ்சது."

கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

கார்ட் இப்போது ஆய்வுகூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே, மூடியில்லாத பேணிக்குள் இருக்கிறது. போன கிழமை போய்ப் பார்த்தேன். நீளமான வழியை மாணவர்கள் இன்னும் முழுதாகத் திருத்தவில்லை. ஆனால் விசிறியை நிறுத்தினாலும் ண வின் கால் இப்போது பாதித் திரையோடு திரும்பிவிடுகிறதாம். பேணிக்கு முன்னால் ஒட்ட ஒரு அறிவித்தல் எழுதித் தரும்படி மிஸ் கேட்டார். காகிதத்தில் எழுதுவதற்கு முக்கோணக் கணக்கு இல்லை என்பதால், வளைவும் சுழியும் தாராளமாக விட்டு, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்:

'தயவுசெய்து பொன்னாடை போர்த்த வேண்டாம்.'